இசைத்தட்டின் உறையில் அப்பாவின் பெயர்

பம்பாய்
4.11.1973

அன்புள்ள ரெங்கம்மாள் அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நான் சுகம். வரப்பில் விழுந்து ஒடிந்த அப்பாவின் கை இப்போது எப்படி இருக்கிறது?

என் இசைத்தட்டு வந்துவிட்டது அக்கா! நான் பியானோ, டிசூசா பேஸ், பெர்வேஸ் டிரம்ஸ். மூன்றே பேர். ஜாஸ்தான். ஆனால் பாதிரியார் விடுதிப் பள்ளியில் நான் பியானோ பழகிய ஞானப்பாட்டு, பெர்வேஸ் வீட்டில் பாடும் இந்துஸ்தானித் தும்ரி, உன் நடவுப் பாட்டு எல்லாம் அதில் கலந்து வரும். கடைசியில் அப்பாவின் சாவுப்பறை. அந்த அடியை மேசையில் தட்டித் தட்டி பெர்வேஸுக்குச் சொல்லிக்கொடுத்தேன். உறையில் ‘பறை அடி: நன்னிலம் ரெத்தினம்’ என்று சண்டை போட்டுத் தமிழிலேயே அச்சடிக்க வைத்தேன்.

உனக்கு ஒன்று, ஊர்ப் படிப்பகத்துக்கு ஒன்று அனுப்பியிருக்கிறேன். கூத்தாநல்லூர் அப்துல் அஜீஸ் அண்ணன் வீட்டில் ரிக்கார்டு பிளேயர் இருக்கிறது. அப்பாவைக் கூட்டிப்போய்க் கேட்க வை.

உன் தம்பி,
சாமிதுரை

நன்னிலம்
25.11.1973

அன்புத் தம்பிக்கு,

தட்டு உடையாமல் வந்தது. அஜீஸ் அண்ணன் வீட்டில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். நடவுப் பாட்டுக்கு அப்பா தலையை ஆட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசிப் பாட்டு தொடங்கியதும் அவர் எழுந்து தெருவுக்குப் போய்விட்டார்.

அவர் வரப்பில் விழவில்லை, துரை. பெரிய பண்ணையார் இறந்தபோது, இனி எந்த மிராசு வீட்டுச் சாவுக்கும் பறையடிப்பதில்லை என்று நம் தெரு முடிவெடுத்தது. முதலில் வாய்திறந்தவர் அப்பா. அதற்காக அவர்கள் ஆள் வைத்து உடைத்த கை அது. நீ ஆத்திரத்தில் கிளம்பி வந்துவிடுவாய் என்றுதான் மறைத்தோம்.

இப்போது பண்ணையின் சம்சாரம் படுக்கையில் கிடக்கிறார். படிப்பகத்தில் உறையைப் பார்த்த பண்ணைக் காரியக்காரர் நம் தெருவில் வந்து நின்று, “பம்பாய்ல பேரு போட்டு அடிக்கலாம், இங்க அடிச்சா கவுரவம் கொறஞ்சிடுமோ?” என்று கேட்டுவிட்டுப் போனார். நம்மை அடிக்க வேண்டாம் என்றவர் தன் பேரை மட்டும் போட்டுக்கொண்டாரே என்று நம் ஆட்களிலேயே சிலர் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்தப் பாட்டை எடுத்துவிடப்பா.

அக்கா

பம்பாய்
9.12.1973

அக்கா,

உன் கடிதம் வந்ததிலிருந்து நான் பியானோவைத் திறக்கவில்லை. பெருமைப்படுத்துவதாக நினைத்து அப்பாவைத் தலைகுனிய வைத்துவிட்டேன்.

ஆனாலும் ஒன்று கேள். இந்த ஜாஸே, அமெரிக்காவில் அடிமையாய் வயலில் கிடந்தவர்களின் பிள்ளைகள் உண்டாக்கியது. இங்கே யாரும் பண்ணையைப் போல என்னை ஆள் விட்டுக் கூப்பிடவில்லை. அப்பாவின் அடிக்கு எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். நெஞ்சைப் பிடுங்கிக் கொடுப்பது போல இருக்கிறது, அதை எடு என்றால்.

கம்பெனி மறுபடி தட்டு போடப்போகிறது. வேண்டாம் என்று அப்பா சொன்னால் எடுத்துவிடுகிறேன். அவர் வாயால் சொல்லட்டும்.

துரை

நன்னிலம்
20.1.1974

அன்புத் தம்பிக்கு,

பண்ணையின் சம்சாரம் பொங்கலுக்கு முன்பே போய்விட்டார். பறைக்கு ஆள் கேட்டு வந்தார்கள். அப்பா வாசலில் நின்று, “எம் மவன் இஷ்டப்பட்டு வாசிக்கிறான். ஆள் விட்டுக் கூப்பிட்டா அவனும் வரமாட்டான், நானும் வரமாட்டேன்” என்றார். தெருவில் ஒருவர்கூடப் போகவில்லை. வெறும் சங்கை ஊதிப் பாடையை எடுத்துப்போனார்கள்.

அதற்குப் பழிவாங்க, சம்பா அறுப்புக்கு வெளியூர் ஆட்களை இறக்கிவிட்டார்கள். நமக்காகக் கூலிச் சட்டம் போட்ட அரசாங்கத்தின் போலீஸ் வண்டிதான் வயலுக்குக் காவல் நிற்கிறது. நாளைக்கு நம்மவர்கள் சங்கக் கொடியோடு வயலில் இறங்கப் போகிறார்கள். அப்பாவும் போகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னார். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“பாட்டு இருக்கட்டும், அது அவனோடது. எம் பேர எடுத்துடச் சொல்லு. நான் செத்தா பறையும் வேணாம், அவன் வாசிக்கிற பொட்டியும் வேணாம். வந்து வாய்விட்டு அழுதா போதும்.”

அக்கா,
ரெங்கம்மாள்