ஜீப் வந்த அன்று வள்ளம் இறங்கவில்லை

மரியே வாழ்க

அன்பு மகன் ஷிஜினுக்கு, ராஜாக்கமங்கலம் துறையிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் ஜெனிலாவும் மாதா காவலில் சுகமாக இருக்கிறோம். நீ சுகமா என்று நான் கேட்பது எல்லாரும் கடிதத்தில் கேட்கிற கேள்வி இல்லை மக்கா, நிசமாகவே தெரியாமல் கேட்கிறேன். எல்லையில் சண்டை தொடங்கியதிலிருந்து உன் போன் அணைந்தே கிடக்கிறது. போனை வாங்கி வைத்துவிடுவார்கள், பட்டாளத்தில் அதுதான் சட்டம், பயப்பட ஒன்றும் இல்லை என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள், சொல்கிறவர்களுக்கு அங்கே பிள்ளை இல்லை. டிவியில் ஒருத்தன் தொண்டை கிழியக் கத்துகிறான், எந்த இடம் என்று பெயர் சொல்லும்போது மட்டும் எனக்குக் காது அடைத்துப்போகிறது. உன் பெண்டாட்டி ஜெனிலா வயிற்றுப் பிள்ளையோடு அதன் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறாள் என்று வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டேன். அவளுக்கு என்மேல் கோபம். கோபமானாலும் சாளைக் குழம்பு வைத்தால் ரெண்டு வாய் சாப்பிடுகிறாள், அது போதும். அவளுக்குக் காலில் நீர் கோத்திருக்கிறது, பையனிடம் எதையும் மறைக்க வேண்டாம் என்று அப்பா சொன்னதால் எழுதுகிறேன்.

போன வாரம் நடந்ததை வேறு யாராவது உனக்குச் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். சாயங்காலக் கடலுக்குப் போக வள்ளங்களில் வலை ஏற்றுகிற நேரம், நான் முற்றத்தில் கருவாடு புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தேன். சிலுவை நிற்கிற குருசடிப் பக்கம் ஒரு ஜீப் வந்து நின்றது. பட்டாளத் தொப்பியும் நெஞ்சில் மெடலுமாக இரண்டு பேர் இறங்கினார்கள், அவர்களுக்கு முன்னால் நம் பங்குச்சாமி வெள்ளை அங்கியோடு நடந்து வந்தார். தொப்பிக்காரர்கள் மட்டும் வந்திருந்தால் யார் என்ன என்று விசாரித்திருப்பேன். சாமியார் கூட வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று நம் கடற்கரையில் எந்தத் தாய்க்குத் தெரியாது. கடலில் ஆள் போனால் வீட்டுக்கு முதலில் வந்து நிற்பது அவர்தானே. என் பிள்ளையே என்று நான் போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டதாம், எனக்குக் கேட்கவில்லை. அடுத்த வீட்டு விக்டோரியா சின்னம்மை ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியே வைத்துவிட்டாள், என்ன ஏது என்று அவளும் கேட்கவில்லை. ஜெனிலா கதவைப் பிடித்தபடி அப்படியே சரிந்தாள்.

அதற்குள் சேதி கரைக்குப் போய்விட்டது. ஊரில் சாவு என்றால் அன்றைக்கு ஒருவரும் கடலுக்குப் போவதில்லை என்பது உனக்குத் தெரியும். தண்ணீரில் இறக்கிய வள்ளங்களையும் திரும்ப இழுத்துக் கரையேற்றினார்கள். உன் அப்பாவும் தோள் கொடுத்து இழுத்திருக்கிறார். அவரிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. வள்ளம் மணலில் ஏறின பிறகு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, செத்தது ஆருலே என்று கேட்டாராம். எல்லாரும் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றதில் அவருக்கே விளங்கிவிட்டது. அங்கிருந்து வீடுவரை எப்படி வந்தார் என்று இன்றுவரை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

விஷயம் இவ்வளவுதான். வந்தவர்கள் முன்னாள் ராணுவத்தார் சங்கத்து ஆட்கள். எல்லையில் இருக்கிற பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய், ஆஸ்பத்திரிக்குத் துணை வேண்டுமா, வேறு ஒத்தாசை வேண்டுமா என்று கேட்டு வருகிறார்கள். ஏதோ விழாவிலிருந்து நேரே வந்ததால் மெடலைக் கழற்றவில்லை. வழி தெரியாமல் கோயிலில் விசாரிக்க, நானே காட்டுகிறேன் என்று சாமியார் கிளம்பி வந்திருக்கிறார். பாவம், அந்த மனுசன் முகம் செத்துப்போயிற்று. வந்தவர்களில் இரணியல்காரர் யேசுதாசன் என்று ஒருவர், ஹவில்தாராக இருந்து பென்ஷன் ஆனவர். அவர்தான் முதலில் சுதாரித்து, மெடலைப் பிடுங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு என் முன்னால் மணலில் உட்கார்ந்தார். அக்கா, ஷிஜினுக்க காரியமா வரல்ல, உங்களுக்கு என்ன வேணும்னு கேக்கத்தான் வந்தோம் என்றார். நான் அவரை ஏசின ஏச்சை எழுதக்கூடாது. தலை குனிந்து எல்லாம் கேட்டுவிட்டு, ஜெனிலாவை அந்த ஜீப்பிலேயே நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனதும் அவர்தான். பிள்ளைக்குத் துடிப்பு நன்றாக இருக்கிறது, தாய்க்குத்தான் பிரஷர் கூடியிருக்கிறது, கவலைப்பட விடக்கூடாது என்று டாக்டர் சொன்னார். கவலைப்படாதே என்று நான் யார் வாயால் அவளுக்குச் சொல்ல.

அன்றைய மீன் போனதற்கு ஊரில் ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. செத்ததாகச் சேதி வந்தவனுக்கு ஆயுசு நூறு என்று பெண்கள் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது எனக்குள் இறங்கவில்லை மக்கா. முன்பு பயம் மட்டும்தான் இருந்தது, இப்போது உனக்காக ஒரு தடவை அழுதே முடித்துவிட்டதால் அது எப்படி இருக்கும் என்று தெரிந்துவிட்டது. அப்பா கடலுக்குப் போகிறார், வருகிறார், கரையில் கால் வைத்ததும் முதலில் நம் வாசலைத்தான் பார்க்கிறாராம். ஒரு வரியானாலும் உன் கையெழுத்தில் எழுது. மேலுக்குச் சின்னக் காயம் என்றாலும் நீயே எழுது, இன்னொருவர் வந்து சொல்ல வைத்துவிடாதே. கால் ஈரமாக இருக்கும்போது பூட்ஸ் போடாதே, உனக்கு விரலிடுக்கில் புண் வரும். மாதா படத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள். மாதாவும் அந்தோனியாரும் உன்னையும் உன்னோடு நிற்கிற பிள்ளைகளையும் கைவிடாமல் காக்கட்டும், அவர்களுக்கும் அம்மாமார் உண்டு.

யேசுதாசன் அதன்பிறகு ரெண்டு தடவை வந்து ஜெனிலாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். போன் போகாத இடத்துக்கும் பட்டாளத் தபால் போகும், எழுதுங்க அக்கா என்று சொன்னதும் அவர்தான். இப்போது தொப்பி கிடையாது, கைலியும் சட்டையுமாகத் தனியாக வருகிறார். தெருமுனையில் திரும்பும்போதே, அக்கா ஒண்ணுமில்ல, சும்மாதான் வாறேன் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே வருவார், அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வரும். நல்ல மனுசன், குறையொன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு நாள் அவர் வாய் திறக்காமல் நடந்து வருவாரோ என்று நாள் முழுக்க என் காது அந்தத் தெருமுனையிலேயே கிடக்கிறது. அதற்கு முன்னால் உன் கடிதம் வரட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
புளோரா