ரொறன்ரோக் கொடிக்கு நான் எழுதிய உரை

ஸ்காபரோ

அன்பின் பாலேஸ்வரிக்கு,

உமது முழங்கால் வலி குறைந்ததா? நானும் மகள் கஜனி வீட்டாரும் சுகம்.

இங்கே ஒரு சின்னச் சம்பவம், பெரிதாக எடுக்க வேண்டாம். முதியோர் சங்கத்தில் ரொறன்ரோ நகரக் கொடியைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டார்கள். நீலத் துணியில் நகர மண்டபத்தின் இரு கோபுரங்களும் வெள்ளைக் கோடுகளாக நிற்கும். அடியிலுள்ள சிவப்பு மேப்பிள் இலை நகரசபை கூடும் இடத்தைக் குறிக்கும். ஒரு மாணவன் போட்டிக்கு வரைந்தது. எழுதியதைப் பிழை பார்க்கத் தம்பிராசாவிடம் கொடுத்தேன். இங்கே எனக்கிருக்கும் ஒரே நண்பர் அவர்தான்.

கூட்டத்தில் எனக்கு முன்னே அவர் எழுந்து அதை அப்படியே தன்னுடையதாகப் பேசினார். "கோபுரங்களுக்கு மேலும் நடுவிலும் உள்ள வெளி ரொறன்ரோவின் முதல் ஆங்கில எழுத்தாம். என் கண்ணுக்கு லேசில் பிடிபடவில்லை, பிழையாகவும் இருக்கலாம்" என்ற என் தயக்கத்தைக்கூட விடவில்லை.

"என்ன அடக்கமான மனுசன்!" என்று கை தட்டினார்கள்.

பிறகு என்னிடம் வந்து, "நீங்கள் எப்பிடியும் மேடையில ஏறமாட்டியள் அண்ணை, அதுதான் நான் சொல்லிவிட்டன்" என்றார். நான் தலையாட்டினேன். அன்று நீர் அனுப்பிய புதுச் சட்டையைப் போட்டுப் போயிருந்தேன்.

தம்பிராசாவுக்கென்று நான் கேட்ட பனம்பழப் பினாட்டை அனுப்ப வேண்டாம். கஜனி வீட்டில் அதை யாரும் தொடமாட்டார்கள்.

இல்லை, அனுப்பும். தனியே இருந்து தின்ன எனக்கு மனமில்லை. கஜனி தபாலுக்குப் புறப்பட்டுவிட்டாள், நிறுத்துகிறேன்.

உமது,
வைத்திலிங்கம்