வெள்ளையடித்த விரிசல்

2004 நவம்பர் 17, புதன்

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. எங்கள் மலிவு விலை அடுக்குமாடியில் விரிசல் விட்ட வீடுகளுக்கு அரசு உதவித்தொகை தரப் போகிறது. அதற்காக இன்று அதிகாரி பார்க்க வந்தார்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஏகாம்பரம் ஒரகடத்துக் கம்பெனியில் சூப்பர்வைசர். "கம்பெனில ஆடிட்டுக்கு ஆள் வர்றப்ப மெஷின் லைனை இப்டியா வெச்சிருப்போம்? வர்றவரு இன்னா நெனைப்பாரு?" என்று நேற்றுக் கேட்டார். எல்லாரும் கம்பெனி ஆட்கள். ஷிப்ட் முடிந்து வந்து விரிசலில் சிமென்ட் அடைத்து வெள்ளையடித்தார்கள். என் வீட்டுக்காரரும்தான். "அவர் பாக்க வர்றதே விரிசலைத்தானே" என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

அதிகாரி சுவரைத் தட்டிப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு, இதுக்கா மனு கொடுத்தீங்க?"

"உள்ள கீது சார், பூசிட்டோம்" என்றார் ஏகாம்பரம்.

"உள்ள இருக்கிறதை நான் எப்படிங்க எழுதுறது?" ஜீப் கிளம்பிவிட்டது.

ஏரியைத் தூர்த்துக் கட்டிய கட்டடம் இது. சாயங்காலத்திலிருந்து மழை விடவில்லை. இவர் அலுப்பில் தூங்கிவிட்டார். வெள்ளை இன்னும் காயக்கூட இல்லை, அதற்குள் இவர் தலைமாட்டுச் சுவரில் மயிரிழை போல ஒரு கோடு வந்திருக்கிறது. நான் எழுத உட்கார்ந்தபோது அது ஜன்னலுக்கு ஒரு சாண் கீழே நின்றது.

இப்போது ஜன்னலைத் தொட்டுவிட்டது. இவரை எழுப்ப வேண்டும்.