ஒசாகாவில் எடுத்த இரண்டு படங்கள்

நவம்பர் 28, வெள்ளி

ஜப்பான் போய் எடுத்து வந்த படங்களில் கண்காட்சிக்குத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தேன். போட்டோ கிளப் செயலாளர் அனந்தபத்மநாபன் போனில், "ஜப்பான்னு சொல்லீட்டு ஒரு செர்ரிப்பூ கூட இல்லையே சாரே!" போன வருடம் என் படங்களைக் கழிப்பறைக்குப் போகும் வழியில் மாட்டியவன். மறக்கவில்லை.

எனக்குப் பூ வேண்டாம். அந்த ஊர் எப்படி நிற்கிறது என்பதுதான் வேண்டும். ஒசாகாவில் விடியற்காலை, வண்டியே இல்லாத தெரு. சிக்னல் சிவப்பு. அத்தனை பேரும் அசையாமல் நிற்கிறார்கள். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. காமிராவையும்தான். ஒரே ஒரு முகக்கவசப் பயல் மட்டும் நேராக லென்ஸையே முறைத்துப் படத்தைக் கெடுத்துவிட்டான். ஒதுக்கிவிட்டேன்.

நவம்பர் 30, ஞாயிறு

மனைவி உலகம்மை வலியசாலைக் கோயிலுக்குப் போய்விட்டு வெளிறிய முகத்தோடு வந்தாள். அண்ணன் மகன் ராகேஷ் தீபாவளிக்குப் பிறகு வீட்டுக்குப் பேசவில்லையாம். போன் அணைந்திருக்கிறது. வகுப்புக்கும் வருவதில்லை என்று ஒசாகாக் கல்லூரியில் சொல்லிவிட்டார்களாம். மதினி கோயில் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம்.

"அந்த ஊருக்குத்தானே போனீங்க? ஒரு வார்த்த விசாரிச்சிருக்கலாம்லா?"

விசாரிக்கவில்லை. வீட்டைப் பாகம் பிரித்த நாளிலிருந்து ஆறு வருடமாக அண்ணனோடு பேச்சில்லை. வக்கீல் முன்னால் அவர் சொன்னதை நான் மறக்கமாட்டேன். ஆனால் பயல்? இருபது வயது. ஏதாவது ஆகியிருந்தால்?

டிசம்பர் 1, திங்கள்

ஒதுக்கிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண் மட்டும்தான் தெரிகிறது. பதினாலு வயதில் பார்த்த பிள்ளை, ராகேஷ்தான் என்று எப்படிச் சொல்வது? ஆனால் வலது கை முதுகுக்குப் பின்னால் போய் இடது முழங்கையைப் பிடித்திருக்கிறது. அப்பா அப்படித்தான் நிற்பார். அண்ணனும். நானும்.

அடுத்த படத்தை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. சிக்னல் இன்னும் சிவப்பு. எல்லோரும் அப்படியே நிற்க, ஒருவன் மட்டும் தெருவின் நடுவே ஓடுகிறான். முதுகுதான் தெரிகிறது.

என்னைக் கண்டுதான் ஓடினியாடே? நான் என்ன பேயா?

டிசம்பர் 2

அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும். செருப்பு வரை மாட்டினேன். போகவில்லை.

டிசம்பர் 3, புதன்

போனேன். அண்ணன் வாசலை மறித்து நின்றார். "என்னடே, சொத்துல இன்னும் மிச்சம் உண்டா?"

அவரைத் தாண்டிப் போய் லேப்டாப்பை மதினியின் மடியில் வைத்தேன். திரையில் அந்தக் கண்களைத் தொட்டாள். "எம் பிள்ளதான். மெலிஞ்சு போயிட்டானே... என்னைக்கு எடுத்தீங்க?"

"போன மாசம் பதினாலு. தீவாளிக்குப் பெறவுதான் மதினி."

அண்ணன் உட்கார்ந்துவிட்டார். "ஒன்னக் கண்டானா?"

"கண்டான்."

"பெறவு?"

காட்டக் கூடாது என்றுதான் போயிருந்தேன். விரல் தவறி அடுத்த படத்தைத் தள்ளிவிட்டது. அண்ணன் குனிந்து பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் பயந்துல்லா ஓடியிருக்கான்," என்றார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

போனை எப்போதாவது திறப்பான் என்று முதல் படத்தை மதினி அவனுக்கு வாட்ஸப்பில் அனுப்பினாள். என் எண்ணையும் சேர்த்து.

டிசம்பர் 5

பதிலில்லை. போன் அடித்ததும் ஓடினேன். எடுத்தால் அனந்தபத்மநாபன். "சாரே, ஃபிரேம் ரெடியா?" வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்துவிட்டேன். பதினாலாம் தேதி உயிரோடு இருந்தான். சரி. அதற்குப் பிறகு?

டிசம்பர் 7, ஞாயிறு

கூப்பிட்டான். அப்பாவை அல்ல, என்னை. குரல் தடித்திருக்கிறது, முதலில் யாரென்று தெரியவில்லை.

"வகுப்புல ஒண்ணும் பிடிகிட்டல, அவங்க பேசுறதே புரியல சித்தப்பா. நின்னுட்டேன். ஒரு ஹோட்டல்ல பாத்திரம் கழுவுறேன். படிப்ப விட்டா விசா செல்லாது, பிடிச்சா ஊருக்கு அனுப்பிருவாங்க." அழுகையை விழுங்கிக்கொண்டு, "அன்னைக்கு உங்களக் கண்டதும்... ஊர்ல போய்ச் சொல்லிச் சிரிப்பீங்கன்னு நெனச்சேன்."



"சிரிச்சிருப்பேன்டே," என்றேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.  பிறகு மெதுவாக, "அப்பாட்ட நீங்களே சொல்லுவீங்களா சித்தப்பா?"

உலகம்மை சட்டையை எடுத்துத் தந்துவிட்டாள். வலியசாலைக்கு, அண்ணன் வீட்டுக்குக் கிளம்புகிறேன். அண்ணன் திட்டினால் திட்டட்டும்.