குச்சியில் ஒரு புதுக் கோடு

அரிசோனா, பாலைவன முகாம்
பிப்ரவரி

அன்பு மகள் கோரினுக்கு,

நான், அப்பா, நாங்கள் குடியிருந்து ஊர் ஊராகப் போகும் இந்த வீட்டு வண்டி மூவரும் சௌக்கியம். அங்கே மெய்னில் ஜன்னல் வரை பனி ஏறியிருக்கும், நீ காலுறை போடாமல்தான் திரிவாய் என்பதும் எனக்குத் தெரியும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் உன் அப்பா நடுவில் புகுந்து கதையைத் தன் பக்கம் திருப்பிவிடுவார், அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் அவர் உன்னிடம் போனில், "என்ஜின் ஆயில் குடிக்குதும்மா, அதுக்கு வயசாயிடுச்சு, வித்துட்டு உன் வீட்டுக்கே வந்துடுறோம்" என்றாரே, நீயும் உடனே கீழறைக்கு மஞ்சள் வண்ணம் அடித்துப் படம் அனுப்பினாயே, அன்றைக்கு நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உன் மேல் பிரியம் இல்லாமல் இல்லை. காலையில் கதவைத் திறந்தால் நேற்றுப் பார்த்த மலை போய் வேறு மலை நிற்க வேண்டும், அப்படிப் பழகிவிட்டேன்.

நடந்தது இதுதான். யாரோ ஓட்டிக் கழித்ததை வாங்கினோம் இல்லையா, வாங்கிய நாளிலிருந்து கிளம்பும்போதெல்லாம் அப்பா என்ஜின் இருக்கும் பின்கதவைத் திறந்து ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவிப் பார்ப்பார், மேல்கோட்டுக்குக் கீழே இருக்கும், ஊற்றுவார். ஊர் போய்ச் சேர்ந்து பார்த்தால் பழையபடி கீழே, மறுபடி ஊற்றுவார். பின்னால் கட்டி இழுத்துவரும் என் வெள்ளைக் கார் முழுக்கக் கறுப்புப் பொட்டு, கேட்டால் முன்னால் போன லாரிக்காரன்தான் காரணம் என்பார். இந்த முகாமில் ஒருவர் பின்கதவைத் திறந்தால் போதும், சுற்றியிருக்கும் ஆண்கள் அத்தனை பேரும் மடக்கு நாற்காலியோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆளுக்கொரு நோய் சொன்னார்கள், ஊற்றுவதை நிறுத்து என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. பொட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்தவள் நான்தான், அதனால் எனக்குத்தான் உறைத்தது. ஆயில் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துக்குத்தான் இறங்குகிறது, கீழ்க்கோடு வரை போவதே இல்லை. விளிம்பு வரை ஊற்றிய சூப் பொங்கி வழிந்துவிட்டு அதன்பின் அடங்கிக் கொதிப்பது மாதிரி. ஒரு தடவை ஊற்றாமல் ஓட்டிப் பாருங்கள், கீழ்க்கோட்டைத் தொட்டால் ஊற்றிக்கொள்ளலாம் என்றேன். "என்ஜினைக் கொல்லப் பாக்குறியா ஆர்லீன்" என்று கேட்டுவிட்டு மதியம் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், பிறகு ஓட்டினார். ஒரு நூல்கூட இறங்கவில்லை, என் காரிலும் பொட்டு இல்லை.

அப்புறம்தான் உன் அப்பா, பெரிய துரை, வண்டியின் கையேட்டைத் திறந்தார். சமதரையில் நிறுத்தி, பழைய ஆயிலை முழுக்க வடித்து, புது வடிகட்டி மாட்டி, புத்தகத்தில் சொன்ன அளவை அளந்து ஊற்றி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்து, ஆயில் அடியில் இறங்கும் வரை பொறுத்துக் குச்சியை விட்டுப் பார்த்தார். மேல்கோட்டுக்கு நன்றாகக் கீழே நின்றது. குச்சி வேறு ஏதோ வண்டியுடையது. அவர் கூடுதலாக ஊற்றியதையெல்லாம் பாவம் அந்த என்ஜின் தன் மூச்சுக்குழாய் வழியாக என் கார் மேல் துப்பியிருக்கிறது. சரியான இடத்தில் அரத்தால் புதுக் கோடு போட்டு, எல்லாம் தானே கண்டுபிடித்த மாதிரி நாற்காலிக்காரர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார், நானும் காபி கொடுத்துக்கொண்டு தலையாட்டுகிறேன்.

ஆகவே வண்டியை விற்கவில்லை. மே மாதம் விருந்தாளியாக வருகிறோம், உன் வாசலில் மேடு பள்ளம் இல்லாத இடம் ஒன்று ஒழித்து வை, சரிவில் நின்றால் குச்சி பொய் சொல்லும். உன் காரிலும் ஆயிலைப் பார், நீயும் அவர் மகள்தான், நிறைய ஊற்றிவிடாதே. அந்தக் கீழறையை மட்டும் யாருக்கும் வாடகைக்கு விட்டுவிடாதே கண்ணே. இந்த வண்டியில் நாங்கள் இருவரும் இருக்கும் வரைதான் இது வீடு. ஒருவர் மட்டும் மிஞ்சும் நாளில் அவரோ நானோ வந்து உன் கதவைத் தட்டுவோம், அதுவரை அந்த மஞ்சள் வண்ணம் இருக்கட்டும்.

நீ நன்றாக இருக்க வேண்டும், காலுறை போட்டுக்கொள்.

உன் அம்மா
ஆர்லீன்