பல்லின் நடுவில் விழுந்த தடம்

தத்தாவீன்
ஞாயிறு இரவு

திஜானி அண்ணனுக்கு உங்கள் ரௌதாவின் ஸலாம்.

ஊரே உறங்கிய பிறகு கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன், மன்னியுங்கள். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் விளக்கைத் திட்டுங்கள், என்னைத் திட்டாதீர்கள். நிஸ்ரீன் இப்போதுதான் கண் மூடினாள். மேல் ஈறில் பல் முளைக்கிறது, அதனால் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. நேற்று உடம்பு லேசாகச் சுட்டது போலிருந்தது. காய்ச்சல் இல்லை என்று லஸ்ஹர் தொட்டுப் பார்த்துச் சொன்னார். இல்லைதான். ஆனாலும் அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் நான் இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தேன். கல்லூரியில் என்னென்னவோ படித்தேன், பயப்படாமல் இருக்க மட்டும் படிக்கவில்லை.

தபால் நிலையத்துக்குப் போய்த் தொலைபேசியில் பேசியிருக்கலாம். ஆனால் பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் கேட்க, இதை நான் எப்படிச் சொல்வது?

மார்செய் கட்டட வேலையில் என் வீட்டுக்காரர் லஸ்ஹருக்கு இடம் பிடித்து வைத்திருப்பதாகவும், மேஸ்திரி மாதக் கடைசிக்குள் முடிவு கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதம் வந்த அன்று அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "ஆலிவ் பறிப்பு தொடங்குறதுக்குள்ள லாரி ஓடினா இங்க இருப்பேன். ஓடலன்னா கப்பல் ஏறிடுவேன். அதுக்கு மேல என்கிட்ட பேசாத" என்றார். அன்று முதல் நான் லாரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது எப்படிப் படுத்தது என்று உங்களுக்குத் தெரியும். ஓடை மணலில் தண்ணீர்த் தொட்டியோடு சிக்கி, இவர் விடாமல் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதில், பின் சக்கரங்களைச் சுழற்றும் ஆக்ஸிலுக்குள் இருந்த பல் சக்கரங்கள் நொறுங்கிப்போயின. பிறகு கத்தூரும் இவரும் பென் கர்தான் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, இதே மாதிரி லாரியிலிருந்து கழற்றிய ஆக்ஸில் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். உங்கள் வகுப்புத் தோழர் கத்தூர் கொஞ்சமும் மாறவில்லை. வண்டியிலிருந்து அதை இறக்கும்போதே, "மாட்டு, ஓட்டு, அவ்வளவுதான். இதுல என்னடா யோசனை?" என்றார்.

"உள்ள என்ன இருக்குன்னு பாக்காம மாட்ட மாட்டேன்" என்றார் இவர்.

"பொண்ணு பாக்கப் போனப்ப கூட நீ இவ்வளவு யோசிக்கலையே!"

"அதான் இப்ப யோசிக்கிறேன்."

நான் அடுப்படியிலிருந்து, "எனக்குக் காது கேக்குது" என்றேன். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு மூடியைக் கழற்ற ஆரம்பித்தார்கள்.

திறந்தது நல்லதாகப் போயிற்று. எண்ணெய் என்று ஒன்று உள்ளே இல்லை. மணலும் மசகும் சேர்ந்து அல்வா மாதிரி அள்ள வந்தது. பேரிங்குகள் எல்லாம் அம்மை போட்ட முகம். ஆனால் பெரிய பல் சக்கரமும், அதைச் சுழற்றும் பினியன் என்ற சின்னப் பல் சக்கரமும் ஒரு சிராய்ப்புக்கூட இல்லாமல் பளபளத்தன. லஸ்ஹர் அந்தப் பற்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். நிஸ்ரீன் பிறந்தபோது அவள் கால் விரல்களை அப்படித்தான் தடவினார்.

அன்று முதல் எங்கள் முற்றம் பட்டறையாகிவிட்டது. லாரிச் சாமான்களை டீசலில் கழுவ, கோதுமை ரவையில் குஸ்குஸ் பிசையும் என் பெரிய தட்டைக் கொடுத்துவிட்டேன். இனி அதில் சமைக்க முடியாது. நீங்கள் அடுத்த முறை வரும்போது புதிய தட்டில்தான் சாப்பாடு. பழுதுபார்க்கும் புத்தகம் பிரெஞ்சில் இருந்ததால் நான் படித்துச் சொல்ல, இவர்கள் செய்தார்கள். புது பேரிங், எண்ணெய் கசியாமல் தடுக்கும் புது ஆயில் சீல் எல்லாம் வந்தன. பினியனை உட்கார வைக்கும்போதுதான் சிக்கல். பல்லும் பல்லும் சரியான இடத்தில் தொடுகின்றனவா என்று பார்க்க ஒரு பசை தடவிச் சுற்ற வேண்டுமாம். அது கடையில் இல்லை. மெதனீன் நகரத்திலும் இல்லையென்று கத்தூர் வந்து சொன்னார்.

நான் கண்ணுக்கு இடும் என் சுருமா டப்பியை எடுத்து, ஆலிவ் எண்ணெயில் குழைத்துக் கொடுத்தேன். கல்யாணத்துக்கு நீங்கள் வாங்கித் தந்த அதே சுருமாதான், கோபிக்காதீர்கள். பற்களுக்கு மை தீட்டிச் சுற்றினால், தொட்ட இடத்தில் மை விலகி இரும்பு தெரிகிறது. முதலில் பல்லின் நுனியில் தெரிந்தது. மறுபடி கழற்றி, பினியனுக்கு அடியில் மெல்லிய தகடு ஒன்று கூட்டினார் லஸ்ஹர். இப்போது தடம் பல்லின் அடியில் போய் உட்கார்ந்தது. மறுபடி கழற்றினார். கத்தூர் பொறுமை இழந்து, "தங்கச்சி, இது ஆக்ஸிலா மணப்பொண்ணா? மை போட்டு மாளல!" என்று புலம்பினார். கடைசியாக, பல்லின் நட்டநடுவில் பேரீச்சங்கொட்டை அளவுக்கு ஒரு சுத்தமான தடம் விழுந்தது. மூன்று பேரும் தரையில் கவிழ்ந்து படுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தச் சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, அண்ணா.

மையைக் கழுவி, எல்லாவற்றையும் மூடி, லாரியில் மாட்டிப் புது எண்ணெய் ஊற்றினார்கள். தண்ணீர்த் தொட்டியோடு மலைமேல் ஏற்றிப் பார்க்கக் கிளம்பினார்கள். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.

எப்போதும் பாட்டோடு வரும் கத்தூர் திரும்பி வந்தபோது பாடவில்லை. அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டு பின் சக்கரங்களிலும் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. பிரேக் நனைந்து, இறக்கத்தில் வண்டி நிற்கவில்லையாம். லஸ்ஹர் கை கழுவினார். பிறகு உங்கள் கடிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து விரித்துப் படித்தார். நான் உருக்கிய வெண்ணெயைக் கீழே கொட்டிவிட்டேன். திட்டக்கூட இல்லை அவர்.

மறுநாள் காலையில், ஊற்றிய நல்ல எண்ணெயையாவது மிச்சம் பிடிக்கலாம் என்று லாரியைக் கொஞ்ச தூரம் ஓட்டி, எண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்தார். அடியில் படுத்து, எண்ணெய் ஊற்றும் துளையின் திருகைத் தளர்த்தினார். 'புஸ்ஸ்' என்று பெரிய பெருமூச்சு ஒன்று வந்தது. ஆக்ஸிலுக்குள் அடைத்துக்கொண்டிருந்த காற்று!

அவர் படுத்தபடியே ஆக்ஸிலைச் சுற்றிலும் தடவிப் பார்த்தார். பிறகு கையை மேலே நீட்டி, ஆக்ஸிலின் முதுகிலிருந்து எதையோ நோண்டி எடுத்தார். கருப்பாக, உருண்டையாக. பேரீச்சம்பழப் பசையும் ஈச்ச நாரும்.

அண்ணா, நம் ஊரில் தெற்குக் காற்று மணலை அள்ளிக்கொண்டு அடிக்கும்போது நாம் என்ன செய்வோம்? எண்ணெய் ஜாடி வாய், சாவித்துளை, ஜன்னல் இடுக்கு என்று கண்ணில் பட்ட ஓட்டையையெல்லாம் பேரீச்சம்பழப் பசையால் அடைப்போம். மாட்டுவதற்கு முந்திய நாள் காற்று அடித்தது. ஆக்ஸிலின் மேல் ஒரு சின்ன ஓட்டையைப் பார்த்து, மணல் உள்ளே போய்விடுமே என்று இவர் அடைத்திருக்கிறார். அது ஆக்ஸில் மூச்சு விடுகிற ஓட்டை! சூடேறிய காற்றுக்கு வழியில்லாமல் போய், அது புது ஆயில் சீல்களைப் பிதுக்கிக்கொண்டு எண்ணெயை வெளியே தள்ளியிருக்கிறது.

"இப்படி ஒரு வேலைய எந்த மடையன் செஞ்சான்?" என்றார் கத்தூர்.

லஸ்ஹர் அடியில் படுத்தபடியே, "பேரீச்சம்பழம் பெசஞ்சு குடுத்தவளக் கேளு" என்றார்.

"எதுக்குன்னு சொன்னீங்களா? பசிக்குதுன்னு நெனச்சுக் குடுத்தேன்!" என்றேன்.

லாரிக்கு அடியிலிருந்து சிரிப்பு வந்தது. முதலில் மெதுவாக, பிறகு தலை ஆக்ஸிலில் இடிக்கும் அளவுக்கு. அவர் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று! குழந்தையும் ஏன் எதற்கென்று தெரியாமல் கை தட்டினாள்.

மறுபடி புது சீல் போட்டு, எண்ணெய் குடித்த பிரேக் லைனிங்கை மாற்றினார்கள். மூச்சு ஓட்டையில் ரப்பர் குழாய் ஒன்றைச் செருகி, மணலுக்கு எட்டாத உயரத்தில் வாய் கீழே பார்க்க வளைத்துக் கட்டினார்கள். நேற்று முழுப் பாரத்தோடு மலைமேல் போய் வந்தார்கள். சக்கரத்தில் ஒரு சொட்டு இல்லை. கத்தூரின் பாட்டு ஓடைக்கு அந்தப் பக்கமே கேட்டது. எண்ணெய்ச் செக்குக்காரர் வந்து பார்த்துவிட்டு, இந்தப் பருவம் முழுக்க ஆலிவ் மூட்டைகளை நம் லாரிதான் ஏற்ற வேண்டும் என்று சொல்லிப் போயிருக்கிறார்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். லஸ்ஹர் உங்களுக்கு எழுதமாட்டார். நீங்கள் மேஸ்திரியிடம் தலை குனிந்து வாங்கிய இடம் அது, வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று அவருக்கு வெட்கம். பேனாவை எடுப்பார், வைப்பார், லாரியைத் துடைக்கப் போவார். அந்த இடத்தை வேறு வீட்டுப் பிள்ளை யாருக்காவது கொடுக்கச் சொல்லுங்கள், அண்ணா. நம் வீட்டில் ஒருவர் கடலுக்கு அப்பால் இருப்பது போதும். நீங்கள் போனபோது நான் அழவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நான் சமையலறைக்குள் இருந்தேன்.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொள்ளுங்கள். அல்லாஹ் உங்களைக் காப்பானாக.

உங்களுக்கு வருத்தமில்லை என்று அவருக்கு இரண்டு வரி எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
ரௌதா