வெள்ளி பார்க்க ஏலா

என் ஆசை மச்சாள் நிர்மலாவுக்கு,

வானம் பார்க்கிற தொலைகாட்டி வந்துவிட்டது. நீ போய் எட்டு மாதம் கழித்து. பெட்டியைப் பிரித்ததும் உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று கைத்தொலைபேசியை எடுத்தேன். எடுத்த பிறகுதான் நினைவு வந்தது. அதனால் எழுதுகிறேன்.

எதை வாங்கினாய் என்று கேட்பாய். கொஞ்சம் பொறு, சொல்கிறேன்.

அண்ணன் உன்னைக் கட்டி மண்டூருக்கு வந்த நாளிலிருந்து நாம் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம், வாங்கினால் வில்லை வைத்த குழாய்தான் என்பது. மற்ற வகை, வில்லைக்குப் பதில் ரசம் பூசிய கண்ணாடி வைத்தது; உவர் ஆற்றங்கரையின் உப்புக்காற்று அந்தப் பூச்சைத் தின்றுவிடும். பாதைப் படகில் ஏற்றி ஆற்றைக் கடக்கும்போது அது இடிக்கிற இடியில் கண்ணாடி அசைந்துவிடும், பிறகு ஒவ்வொரு முறையும் அதை நேராக்கிக்கொண்டிருக்க வேண்டும். இதுவரை சரி. எந்தக் குழாய் என்பதில்தான் கீரியும் பாம்பும் ஆனோம்.

எனக்கு நீளக் குழாய் வேண்டும். நாலு அங்குல வில்லை, கண்ணுக்கு நல்ல வெளிச்சம், சந்திரனில் உள்ள குழிகளை எண்ணலாம். உனக்குக் கட்டைக் குழாய். வில்லை சிறிது, ஆனால் மூன்றைச் சேர்த்துச் செய்தது. படத்தில் வெள்ளிகளைச் சுற்றி ஊதா நிறம் படியாது, காற்றுக்கும் ஆடாது.

“படம் எடுக்கவும் காணும், கண்ணால பாக்கவும் காணும்கா” என்று, அதுவே போதும் என்றாய்.

“கண்ணால பாக்கிறவக்கு அது காணா. உனக்கு முகநூலில போட்டு லைக் வாங்கோணும், அதானே?” என்றேன். குருமண்வெளித் துறையில் பாதைக்குக் காத்து நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. நீ சிரித்தாய். ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பித் தருகிறவள், அன்று ஒன்றும் தரவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டாமா?

கல்முனையில் ஒருவர் தன்னிடம் இருந்த இரண்டு குழாய்களையும் விற்கப்போகிறார் என்று அறிந்து, வெள்ளிக்கிழமை போய்ப் பார்ப்பதாகப் பேசிக்கொண்டோம். புதன்கிழமை நீ எழுதினாய்: “வெள்ளி பாக்க ஏலா மச்சாள்.”

நான் எழுதினேன்: “அப்ப சனி பாப்பம்.”

கனநேரம் கழித்து உன் பதில் வந்தது: “சனியும் ஏலாபோல.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. சாட்டுச் சொல்கிறாய், கல்முனைக்கு வந்தால் நான் நீளக் குழாயை எடுத்துவிடுவேன் என்று இழுத்தடிக்கிறாய் என்று நினைத்தேன். பதில் போடவில்லை. மூன்று கிழமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். நாலாவது கிழமை அண்ணன் தொலைபேசியில் கோல் எடுத்து, உன் நெஞ்சு நின்றுவிட்டது என்றார்.

முப்பத்தோராம் நாள் சடங்கு வேலையெல்லாம் முடிந்த பிறகு அண்ணன் உன் கமராவைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். நீ கடைசியாக எடுத்த படங்களைப் பார்த்தேன். எல்லாம் வானம். ஒன்றில்கூட வெள்ளி புள்ளியாக இல்லை, தண்ணீரில் எண்ணெய் விட்டதுபோல வட்டம் வட்டமாகப் பரவிக்கிடந்தது. கவனமில்லாமல் எடுத்திருக்கிறாள் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

“என்ன அண்ணன், எல்லாம் கலங்கிக் கிடக்கு?”

“அவக்கு அது கலங்கினதெண்டே தெரிஞ்சிருக்காது” என்றார் அண்ணன். “சீனி வியாதியால கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சிட்டு. இனி வெள்ளி பாக்கிறதெல்லாம் ஏலா எண்டு டொக்டர் சொல்லிட்டார். உனக்கு எழுதினதெண்டு சொன்னாவே. நீ ஒண்டும் கேக்கல்லயா?”

நம் ஊரில் கிழமையும் வெள்ளிதான், வானத்தில் மின்னுவதெல்லாமும் வெள்ளிதான். சனி கிழமையும்தான், கிரகமும்தான். உன் கண் போய்விட்டது என்று நீ சொல்லியிருக்கிறாய். நான் உனக்கு வேறு நாள் குறித்துக் கொடுத்திருக்கிறேன்.

“சனியும் ஏலாபோல” என்று எழுதும்போது அழுதாயா? அல்லது இவளுக்கு விளங்கவில்லை என்று தெரிந்து, விளங்கவே வேண்டாம் என்று விட்டுவிட்டாயா? படத்தைப் பெரிதாக்கி முகத்துக்குக் கிட்டே பிடித்தாவது பார்க்கலாம் என்றுதானே கட்டைக் குழாய்க்கு அத்தனை மல்லுக்கு நின்றாய்? அதைத்தானே நான் லைக் என்றேன். என்னை என்னால் மன்னிக்க முடியவில்லை மச்சாள்.

கல்முனைக்குத் தனியாகத்தான் போனேன். குழாய் இரண்டும் விற்காமல் கிடந்தன. நீ கேட்டதைத்தான் எடுத்து வந்தேன்.

நேற்றுப் பொழுதுபட்டதும் உன் வீட்டு வளவில் வைத்துச் சனியைப் பார்த்தேன். உள்ளதைச் சொல்கிறேன், சின்னதாகத்தான் தெரிகிறது. வளையமும் இந்தக் காலத்தில் நம் பக்கம் விளிம்பைக் காட்டி நிற்பதால் ஒரு கோடுதான். நீளக் குழாயில் இன்னும் வடிவாகத் தெரிந்திருக்கும், அதை மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். பிறகு உன் கமராவைக் குழாயில் பூட்டி, வெள்ளிகள் புள்ளியாகும்வரை திருகித் திருகிப் படம் எடுத்தேன். உன் கலங்கிய படங்களை அழிக்க மனம் வரவில்லை. அவற்றுக்கு அடுத்த இலக்கத்திலிருந்து என்னுடையவை தொடங்குகின்றன.

அண்ணன் வந்து நின்று, “என்ன தெரியுது?” என்றார். சனி என்றேன். அவர் குனிந்து பார்க்கவில்லை. நீ வழக்கமாக உட்காரும் கதிரையில் போய் இருந்துவிட்டார்.

இனி எப்போதும் கமராவுக்குத்தான் முதல் பார்வை, என் கண்ணுக்கு அதன் பிறகுதான். இன்னொரு வாக்கும் தருகிறேன். யாராவது ஏலா என்றால், வேறு நாள் சொல்லமாட்டேன். ஏன் என்று கேட்பேன்.

ஏன் மச்சாள்?

இப்படிக்கு,
உன்னிடம் அதைக் கேட்காமல் விட்ட உன் மச்சாள்,
சுகந்தி